யார் தந்த தள்ளுபடி?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பது நம் முன்னோர் மொழி. பிறர் கட்டி முடித்த வீட்டை விலைபேசி வாங்கிப் பார் என்று அவர்கள் சேர்த்துச் சொல்லவில்லை. அந்நாளில் ஊர்ப்புறத்தில் அப்படியொரு வழக்கம் இல்லாமையே அதற்குக் காரணமாகும். இன்று அந்த மூன்றாவது அனுபவமும் நம் குடும்பங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பத்தொன்பது ஆண்டு வாடகை வீட்டில் குடியிருந்த நாங்கள், 2025-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் மரக்காணத்தில் ஒரு புது வீட்டிற்கு விலை பேசினோம். அந்தப் பேரத்தில் எங்களுக்கு நேர்ந்ததை மறைக்காமல் எழுதுகிறோம். வீடு வாங்க எண்ணும் பங்குக் குடும்பங்களுக்கு இது ஒருவேளை பயன்படலாம்.

மரக்காணத்தை அறியாதவர்க்கு ஒரு சொல். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர், விழுப்புரம் மாவட்டத்தின் கரையோரத்தில் இருமருங்கும் வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரங்கள் எழுந்து நிற்பதைக் கண்டிருப்பார்கள். அதுவே எங்கள் ஊர். பக்கிங்காம் கால்வாய் தன் தென்கோடியை வந்தடைவதும் இங்கேதான். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று அறிஞர் பலர் கருதுவர். தமிழ்நாட்டில் உப்பு விளையும் ஊர்களைச் சொல்லும்போது தூத்துக்குடி, வேதாரணியம் ஆகியவற்றோடு மரக்காணத்தையும் சேர்த்தே சொல்வது வழக்கம். தை பிறந்ததும் பாத்திகளைச் செப்பனிட்டு, வெயில் ஏற ஏற உப்பு வாருவார்கள். ஐப்பசியில் மழை இறங்கினால் வேலை நின்றுவிடும். வேலையற்ற அம்மழைக் காலத்திற்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குவது அண்மைய ஆண்டுகளில் வந்த ஏற்பாடாகும்.

சங்க காலத்தில் உப்புக்கு ஈடாக நெல்லை அளந்து வாங்கினார்கள் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இக்காலத்தில் உப்பு வாருகிறவன் தன் உப்புக்கு விலை சொல்வதில்லை, வாங்குகிறவனே சொல்கிறான். பேரம் என்பது இருவர் சமமாக நின்று பேசும்போதுதான் பேரம். ஒருவன் நின்றும் மற்றவன் குனிந்தும் பேசினால் அதற்கு வேறு பெயர் உண்டு. இந்த உண்மையை நாங்கள் ஊரில் பிறந்ததிலிருந்து கண்டு வந்திருக்கிறோம். ஆயினும் எங்கள் வீட்டுப் பேரத்தில் அதை மறந்துபோக இருந்தோம்.

நாங்கள் பார்த்த வீடு ஆறு வீடுகள் கொண்ட ஒரு வரிசையில் இருந்தது. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், அடுக்களை, பின்புறம் துணி உலர்த்த ஓர் இடம். கட்டியவர் கேட்ட விலை 42 லட்சம் ரூபாய். ஆறில் இரண்டே விற்றிருந்தன. மற்ற நான்கும் பூட்டிக் கிடந்தன.

முதன்முறை போனபோது வெயில் காலம்; வீடு பளபளவென்றிருந்தது. எங்களில் ஒருவர் அடுக்களையிலேயே குடியேறிவிட்டார் எனலாம். மற்றவர் புத்தக அலமாரிக்கு இடம் தேடினார். விலை பேச வருபவன் செய்யக்கூடாத முதற்காரியம், விற்பவர் முன்னிலையில் வீட்டைக் கண்டு மயங்குவது. அதை நாங்கள் செவ்வையாகச் செய்து முடித்தோம். கட்டியவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். ஒரு ரூபாய்கூடக் குறைக்க முடியாதென்று புன்னகையோடு சொல்லிவிட்டார்.

இரண்டாம் முறை பெரியப்பாவை அழைத்துக்கொண்டு போனோம். நாற்பது ஆண்டு உப்பளத்தில் உழைத்தவர். கால் விரல்களில் இன்றும் அதன் வெடிப்பு ஆறவில்லை. அவர் அடுக்களையைப் பார்க்கவில்லை, அலமாரியையும் பார்க்கவில்லை. படுக்கையறையின் மூலையில் குந்தி உட்கார்ந்து, தரையை ஒட்டிய சுவரில் கையை வைத்தார். அங்கே பூச்சின் மேல் மெல்லிய வெண்பொடி பூத்திருந்தது. சுண்ணாம்பு என்று நாங்கள் எண்ணியிருந்தோம். பெரியப்பா விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"மாப்பிள்ளை, இது நம்ம சரக்கு" என்றார்.

எங்களுக்கு விளங்கவில்லை.

"உப்பு. போர்த் தண்ணீரை விட்டுக் குழைத்துப் பூசியிருக்கிறார்கள். நான் வாரின உப்பு எனக்குத் தெரியாதா? இந்தச் சுவர் ஒவ்வொரு மழைக்கும் பொரிந்து உதிரும், பார்த்துக்கொள்."

கடலோரத்தில் வீடு வாங்குவோர் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கலவையிலோ செங்கல்லிலோ மணலிலோ உப்பு இருந்தால், ஓதம் ஏறும்போது அது நீரோடு சுவரின் மேற்பரப்புக்கு வந்து, நீர் காய்ந்ததும் பூத்து நிற்கும். பூச்சு உதிர்வது அதனால் வரும் சிறு துன்பம். பெருந்துன்பம் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிக்கு வருவது. உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். இதனாலேயே 2000-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதி, கம்பி வைத்த கான்கிரீட்டுக்குப் பயன்படும் நீரில் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கலாகாது என்கிறது. கடல்நீரிலோ அது ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் அளவு இருக்கும். கரையோரத்துக் கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கேயோ நிற்கின்றன.

ஆதலால் பொறியாளர் ஒருவரை அமர்த்தி வீட்டைச் சோதித்தோம். வாங்கும் பொருளின் விலையோடு ஒப்பிட்டால் அவருக்குத் தந்த கூலி மிகச் சிறிது. ஆயினும் பேரம் முழுவதற்கும் அச்செலவே அடித்தளமாயிற்று. தூண்களும் கூரையும் பழுதற்றவை என்று அவர் கண்டார். இரண்டு அறைகளிலும் கூடத்திலும் கீழிருந்து மூன்றடி உயரம் வரை பூச்சு கெட்டிருக்கிறது. அதைக் கொத்தி எடுத்து, நல்ல தண்ணீரில் குழைத்துப் பூசி, குறைந்தது ஏழு நாள் நீர்விட்டு ஆற்ற வேண்டும் என்று எழுதித் தந்தார். மழை நீர் எதுவரை நின்றது என்றும் அக்கம்பக்கத்தாரிடம் விசாரித்தோம். 2020 நவம்பரில் நிவர் புயல் இக்கரையில்தான் ஏறியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடாயிற்று. அவ்விரு மழையிலும் தெருவில் நீர் நின்றதே தவிர, வீட்டு வாயிற்படி ஏறவில்லை என்று கேட்டு நிம்மதியுற்றோம்.

எழுத்து வடிவான அறிக்கையோடு மூன்றாம் முறை சென்றோம். இம்முறை கட்டியவர் எங்களை உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்தார். அறிக்கையைப் படித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார்.

"சார், உங்களுக்காக 39 லட்சத்துக்குத் தருகிறேன். அதில் 10 லட்சத்தைக் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள். பத்திரத்தில் 29 லட்சம் என்று எழுதிக்கொள்வோம். உங்களுக்கும் செலவு மிச்சம், எனக்கும் வரி மிச்சம். ஊரில் நடக்காததையா சொல்கிறேன்?"

வீட்டுக்குத் திரும்பி வந்து கணக்குப் போட்டோம். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும், ஆக 9 விழுக்காடு. 42 லட்சத்தை அப்படியே பதிந்தால் செலவு 3,78,000 ரூபாய், மொத்தம் 45,78,000. அவர் சொன்ன வழியில் 39 லட்சமும், 29 லட்சத்துக்கான பதிவுச் செலவு 2,61,000-மும் சேர்ந்து 41,61,000. ஆக எங்களுக்கு மிச்சம் 4,17,000 ரூபாய்.

எங்கள் மகள் செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. அந்தத் தொகை அவளுடைய மீதிப் படிப்பு முழுவதையும் பார்த்துக்கொள்ளும். எங்களில் ஒருவருக்குச் சபலம் தட்டிற்று. எவருக்கு என்று சொல்லப் போவதில்லை. இரவு செபமாலை சொல்லும்போதும் அந்த எண் வாயில் வராமல் மனத்தில் உருண்டுகொண்டே இருந்தது. யாரை ஏமாற்றுகிறோம்? அரசைத்தானே? அரசு நமக்கு என்ன செய்துவிட்டது? ஊரெல்லாம் செய்வதை நாம் மட்டும் செய்யாவிட்டால் உலகம் திருந்திவிடுமா? இப்படியெல்லாம் கேள்விகள் எழுந்தன. மனச்சான்றை உறங்க வைக்க விரும்புகிறவனுக்குத் தாலாட்டுப் பாட்டுக்குப் பஞ்சமில்லை.

மறு ஞாயிறு திருப்பலி முடிந்து பங்குத்தந்தையைக் கண்டோம். அவர் எங்களைக் கடியவில்லை. ஆபிரகாமைப் பற்றிப் பேசினார்.

"விவிலியத்தில் ஆபிரகாமைப்போல் பேரம் பேசியவர் இல்லை. சோதோம் நகருக்காக ஐம்பது நீதிமான்களில் தொடங்கிப் பத்துவரை ஆண்டவரிடமே குறைத்துப் பேசினார். அதே ஆபிரகாம், சாராவை அடக்கம் செய்ய நிலம் வாங்கியபோது எபிரோன் சொன்ன நானூறு வெள்ளிக்காசை ஒரு சொல்லும் பேசாமல் நிறுத்துக் கொடுத்தார். பிறருக்காகப் பேரம் பேசினார். தமக்கு என்றபோது முழு விலை கொடுத்தார். இன்னொன்றும் கவனியுங்கள். அதை ஊர் வாயிலில், ஊரார் எல்லாரும் காணக் கொடுத்தார். அந்நாளில் அதுதான் பதிவு அலுவலகம்."

பேரம் பேசுவதே பாவமா என்று கேட்டோம். அவர் சிரித்தார். "இல்லை. புனித தோமா அக்குவினாரைக் கேட்டால், பொருளின் மதிப்புக்கு மேல் விற்பதும் தவறு, மதிப்பை மிகவும் குறைத்து வாங்குவதும் தவறு என்பார். மறைந்த குறையை விற்பவன் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பார். குறையைக் காட்டி விலையைக் குறைப்பது நீதி. உண்மையை மறைத்து விலையைக் குறைப்பதுதான் வேறு. எது எது என்று உங்களுக்கே தெரியும்" என்றார்.

எங்களுக்குத் தெரிந்தது. தெரிந்த பின்னர்தான் அந்த 4,17,000 ரூபாயை வேறு கண்ணோடு பார்க்க முடிந்தது. பத்திரத்தில் விலை குறைந்தால் வங்கி தரும் கடனும் குறையும்; குறைகிற தொகைக்கு வட்டிக்காரரை நாட வேண்டும். அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பெற்றவருக்குப் பெற்ற தொகை அளவே அபராதம் உண்டு. நாளை வழக்கென்று வந்தால், பத்திரத்தில் இல்லாத 10 லட்சத்தை நாங்கள் கொடுத்ததற்கு எவர் சாட்சி?

இவற்றுக்கும் மேலாக ஒன்று எங்களை உறுத்தியது. எங்கள் ஊர் வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை நால்வழியாக அகலமாகிறது. சாலைக்காக நிலம் எடுக்கும்போது இழப்பீடு எப்படிக் கணிக்கப்படுகிறது? 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின்படி, பதிவுக்கான அரசு மதிப்பு, அண்மையில் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயங்களின் சராசரி ஆகியவற்றுள் எது கூடுதலோ அதனை அடிப்படையாகக் கொள்கிறார்கள். அப்படியானால் பத்திரத்தில் குறைத்து எழுதுகிற ஒவ்வொருவனும் தன் நிலத்தின் விலையை மட்டுமா குறைக்கிறான்? அயலானின் நிலத்தையும் அல்லவா மலிவாக்குகிறான்! அரசைத்தானே ஏமாற்றுகிறோம் என்று எண்ணியது எவ்வளவு பேதைமை. ஏமாறுகிறவன் நம் வேலிக்கு அப்பால் இருப்பவன்.

நான்காம் முறை சென்று, ரொக்க வழி வேண்டாம் என்றும், கொடுப்பது முழுவதும் காசோலையாகவே இருக்கும் என்றும் சொன்னோம். கட்டியவர் முகம் சுருங்கிற்று. எனினும் அறிக்கையை மறுக்க அவரால் இயலவில்லை. சற்று நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"சரி சார். பூச்சு சரியில்லை என்கிறீர்கள், ஒரு லட்சம் குறைத்துக்கொள்கிறேன். பூசியவன் மேஸ்திரிதானே? அவனுக்கு நான் தரவேண்டிய 85,000 ரூபாய் பாக்கி இருக்கிறது. அதை நிறுத்திவிடுகிறேன். மேலே ஒரு பதினைந்தாயிரம் என் கையிலிருந்து போட்டு, வெள்ளையிலேயே ஒரு லட்சம் தள்ளுபடி. இப்போது திருப்திதானே?"

எல்லாம் சட்டப்படி, எல்லாம் பத்திரப்படி. ரொக்கம் இல்லை, பொய் இல்லை. சரி என்று சொல்ல நாக்கு எழுந்தது. எங்களுள் மற்றவர், அதாவது முன்பு சபலம் தட்டாதவர், "மேஸ்திரியை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்றார்.

மேஸ்திரி நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர், வேறு சமயத்தவர். அவருடைய வீட்டுக்காரி உப்பளத்தில் உப்புச் சுமக்கிறவர். கேட்டபோது அவர் முதலில் பேசவே தயங்கினார். பிறகு சொன்னார்: "ஐயா, கூரை போட்ட அன்றைக்கு முதலாளி லாரித் தண்ணீர் கொடுத்தார். பூச்சு வேலைக்கு லாரி கட்டுபடியாகாது, போர்த் தண்ணீரை விட்டே குழை என்றார். இது உப்புத் தண்ணீர், சுவர் பொரியும் என்று நான் சொன்னேன். நீ கொத்தனாரா, இன்ஜினீயரா என்று கேட்டார். அந்தப் பாக்கி எனக்கு மட்டும் உரியதில்லை. என்னோடு வேலை செய்த இரண்டு கொத்தனார், நாலு சித்தாள் கூலியும் அதில் இருக்கிறது."

அவர் சொன்னது உண்மையென்று எங்களுக்குப் பட்டது. கூரை நன்றாயிருக்கிறது, பூச்சுதான் கெட்டது என்று பொறியாளர் எழுதியதோடு அது ஒத்திருந்ததன்றோ.

திரும்பி வரும் வழியில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் நான்கு என்று சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தோம். வேலையாளின் கூலியைப் பிடித்துக்கொள்வது அவற்றுள் ஒன்று. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-ஆம் ஆண்டு வெளியிட்ட 'ரேரும் நொவாரும்' சுற்றுமடலும் அதையே எடுத்துரைக்கிறது. ஆலை முதலாளிகளுக்கும் பெரும் பண்ணையார்களுக்கும் சொன்னது அது என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தோம். எங்களுக்கு வரவிருந்த ஒரு லட்சத்தில் 85,000 ரூபாய் ஏழு பேருடைய கூலி. நாங்கள் கையொப்பமிட்டால் அக்கூலி எங்கள் வீட்டுச் சுவருக்குள் போய்விடும். உப்பாவது வெளியே பூத்து நம்மை எச்சரிக்கும். இது பூக்காமலே உள்ளிருக்கும்.

தள்ளுபடி என்பது வானத்திலிருந்து விழுவதில்லை. அதை யாரோ ஒருவர் தம் பையிலிருந்து தருகிறார். விற்பவர் தம் இலாபத்திலிருந்து தந்தால் அது நியாயமான பேரம். அவருக்கும் கீழே, வாய் திறக்க முடியாதவனுடைய பையிலிருந்து எடுத்துத் தந்தால் அது பேரமன்று. உப்பின் விலையைத் தான் சொல்ல முடியாத எங்கள் பெரியப்பாவின் கதையே இங்கும். இம்முறை நாங்கள் நின்றிருந்தது வாங்குகிறவன் பக்கத்தில்.

ஐந்தாம் முறை சென்றது பேரம் பேசவே. விற்பவரின் நிலையையும் எண்ணிப் பார்த்துத்தான் சென்றோம். அவரும் கடனாளி, நான்கு வீடுகள் பூட்டிக் கிடக்க, மாதந்தோறும் வட்டி கட்டுகிறார். அவருக்குத் தேவை விரைவில் கையில் வரும் பணம். எங்களிடம் வங்கியின் கடன் ஒப்புதல் ஆயத்தமாயிருந்தது. ஆதலால் இப்படிச் சொன்னோம்: "விலை 41 லட்சம், முழுவதும் பத்திரத்தில். கெட்ட பூச்சைக் கொத்தியெடுத்து லாரித் தண்ணீரில் பூசித் தரவேண்டும். பழுதுக்குப் பதில் பணம் வேண்டாம். தள்ளுபடி சுவரிலுள்ள உப்பை எடுத்துவிடாது. மேஸ்திரியின் பாக்கியை முதலில் தீர்த்துவிடுங்கள். புதுப் பூச்சுக்கும் அவருக்குத் தனிக் கூலி கொடுங்கள். இதற்கு ஈடாக, முன்பு நாங்கள் கேட்ட அடுக்களை அலமாரியும் இரும்புக் கதவும் வேண்டாம். பத்து விழுக்காடு முன்பணத்தை இன்றே தருகிறோம். பூச்சு காய்ந்ததும் பதிவு. ஒரு நாளும் தாமதம் இராது."

நெடுநேரம் பேசினோம். இரண்டு முறை எழுந்தோம். இரண்டு முறையும் அவரே உட்காரச் சொன்னார். கடைசியில், "மற்ற மூன்று வீட்டையும் இப்படியே சரிசெய்தால்தான் விற்கும் போலிருக்கிறது" என்று தமக்குள் சொல்லிக்கொண்டு ஒப்புக்கொண்டார். அதுதான் அவர் அன்று சொன்ன மிக உண்மையான சொல். பழுதை மறைத்து விற்பதைவிடத் திருத்தி விற்பது அவருக்கும் இலாபம் என்று அப்போதுதான் உணர்ந்தார் போலும். 4,10,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்து, பேசியவை அனைத்தையும் ஒப்பந்தத்தில் எழுத்தில் ஏற்றினோம். மூன்றாம் நாள் மேஸ்திரியின் கணக்கில் 85,000 ரூபாய் ஏறிற்று.

இனி, கணக்கை மறைக்கக் கூடாது. 41 லட்சத்துக்குப் பதிவுச் செலவு 3,69,000, மொத்தம் 44,69,000. ரொக்க வழியில் போயிருந்தால் 41,61,000. எங்களுக்கு அதிகமாகப் போனது 3,08,000 ரூபாய். இதை ஈடுகட்ட இரண்டு வளையல்கள் விற்றோம். மகளின் கட்டணத்துக்குக் கல்விக்கடன் வாங்கினோம். மாதக் கடைசியில் இன்றும் கை கடிக்கத்தான் செய்கிறது. நேர்மையாக நடந்தால் ஆண்டவர் வேறு வழியில் இரட்டிப்பாகத் தந்துவிடுவார் என்று எழுதிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தப் பணம் திரும்பி வரவில்லை. வராமலே போகலாம். ஆயினும் சார் பதிவாளர் முன் அமர்ந்து, கொடுத்த தொகை இவ்வளவுதானா என்ற கேள்விக்கு ஆம் என்று தலைநிமிர்ந்து சொன்னோம். அந்த நிம்மதிக்கு விலை போட எங்களுக்குத் தெரியவில்லை.

வீடு வாங்கவிருக்கும் குடும்பங்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில சொற்கள். முதலில் விலையைப் பேசாதீர்கள். முதலில் வீட்டைப் பாருங்கள், அதையும் மழைக்குப் பின் பாருங்கள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, மனை அனுமதி ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கடலுக்கு அருகில் எனில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தின் தடை உண்டா என்று கேளுங்கள். மக்கள் ரெரா என்று வழங்கும் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் கட்டடமாயின், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை. வீட்டை ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், அறிவித்த முப்பது நாளுக்குள் கட்டணமின்றித் திருத்தித் தரவும் அவர்கள் கடமைப்பட்டவர்கள். பணி முடிவுச் சான்று பெற்றபின் விற்கும் வீட்டுக்குச் சரக்கு-சேவை வரி கிடையாது. அதைச் சொல்லிப் பணம் கேட்டால் விளக்கம் கேளுங்கள். சிறிய சொத்து வாங்குவோர் இன்னொன்றையும் அறிக: 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு சலுகை உண்டு. இவையெல்லாம் நேரிய வழியில் கிடைக்கும் தள்ளுபடிகள். இவற்றைக் கேட்டுப் பெறக் கூச்சம் வேண்டாம். கூச்சத்தால் கேளாமல் விட்டுவிட்டுப் பின்னர் குறுக்கு வழியில் ஈடுகட்டுவதைவிட, முகத்துக்கு நேரே கேட்பது மேல்.

எல்லாம் கேட்டு முடித்த பின்னர் இன்னும் ஒன்று கேளுங்கள்: இந்தத் தொகை யாருடைய பையிலிருந்து வருகிறது?

2025 மே 1, தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளன்று எங்கள் வீடு மந்திரிக்கப்பட்டது. நாசரேத்தூர்த் தச்சரும் தம் வேலைக்குக் கூலி பேசியிருப்பார். சில வேளை அவருக்கும் பாக்கி நின்றிருக்கும். பங்குத்தந்தை பழைய முறைப்படி தீர்த்தத்தில் சேர்க்க ஒரு கைப்பிடி உப்புக் கேட்டார். பெரியப்பா தம் துண்டின் முனையில் முடிந்து கொண்டுவந்திருந்த உப்பை எடுத்துக் கொடுத்தார். புதுப் பூச்சின்மேல் தீர்த்தம் தெளிக்கும்போது அவர் சுவரோரம் குனிந்து, கையால் தடவிப் பார்த்து, எங்களை நோக்கித் தலையசைத்தார். அன்று பகலுணவுக்கு மேஸ்திரியும் அவர் வீட்டுக்காரியும் வந்திருந்தார்கள். இலை போட்டதும் உட்காராமல், அவர் ஒவ்வோர் அறையாகப் போய்ச் சுவர்களைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"நல்லா பிடிச்சிருக்கும்மா" என்றார். பிறகுதான் உட்கார்ந்தார்.